காலனிய அமெரிக்காவின் அப்போதிக்கரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்ஜீனியாவில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களை வில்லியம்ஸ்பர்க் பழைய ஊருக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. அங்கே பாஸ்டர் – கால்ட் மருந்துக்கடைக்குள் நுழைந்ததுமே எல்லோருக்கும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிட்டேன். பெரும்பாலும் 1700களைப் பற்றியது. அமெரிக்கா இன்னும் தனி நாடாகாமல், பிரிட்டிஷ் காலனிகளாக இருந்த காலம்.

அப்போதிக்கரின்னா டாக்டரா, மருந்துக்கடைக்காரரா?

இரண்டும். மருந்து இடித்துக் கொடுப்பார், நோயாளியை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், எலும்பு முறிந்தால் கட்டுவார், பல் பிடுங்குவார், தேவைப்பட்டால் காலையும் எடுப்பார். ஊரில் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

லண்டனில் கதை வேறு. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து தயாரிப்பவர் என்று மூன்று தனித்தனிக் கூட்டங்கள். அப்போதிக்கரிகள் 1617 வரை மளிகை வணிகர் சங்கத்தில்தான் உறுப்பினர்கள். அந்த ஆண்டுதான் பிரிந்து வந்து தனிச் சங்கம் அமைத்தார்கள். நோயாளிக்கு இன்ன மருந்து என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1704ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. காலனிகளில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. சின்னச் சின்ன ஊர்கள். மூன்று பேருக்குப் பிழைப்பு ஏது? ஒருவரே மூன்றையும் பார்த்தார்.

நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடை மாதிரின்னு சொல்லலாமா?

கடையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சுவர் முழுக்க இழுப்பறைகள், வெள்ளையில் நீலப் பூ வரைந்த பீங்கான் ஜாடிகள், மேசையில் தராசு, பக்கத்தில் உரல். உள்ளே இருக்கும் சரக்கிலும் பாதி நமக்குத் தெரிந்ததே: அதிமதுரம், பெருங்காயம், கற்பூரம், படிகாரம், கந்தகம், ஜாதிக்காய், ஏலக்காய், குங்குமப்பூ, மூசாம்பரம்.

ஆனால் நம் கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பதோடு சரி, வைத்தியம் வைத்தியர் பாடு. அங்கே அப்படி இல்லை. இன்னொரு வித்தியாசம், மருந்தல்லாத சரக்கு. பல் பிரஷ், தலைக்குப் போடும் பவுடர், தேயிலை, சாக்லேட், புகையிலை, சமையல் மசாலா, பெயின்டுக்கான வண்ணப்பொடி எல்லாம் விற்றார்கள். மளிகைச் சங்கத்தின் வாசனை கடைசி வரை போகவில்லை.

பாஸ்டர்னா, பால் காய்ச்சற லூயி பாஸ்டரா?

இல்லை. அவர் பிரான்சில் 1822ல் பிறந்தவர். இவர் வில்லியம் பாஸ்டர், வில்லியம்ஸ்பர்க்காரர். 1775ல் ஜான் மின்சன் கால்ட்டோடு கூட்டுச் சேர்ந்தார். கூட்டு 1778 வரை நடந்தது. நாம் இன்று பார்க்கும் கடைக்கு அந்த மூன்று ஆண்டுக் கூட்டின் பெயர்தான் நிலைத்துவிட்டது.

படிப்பு? லைசென்ஸ் யார் கொடுத்தாங்க?

பொதுவாக யாரும் கொடுக்கவில்லை. ஒரு மூத்தவரிடம் ஐந்து முதல் ஏழு வருடம் எடுபிடியாக இருப்பதுதான் படிப்பு. பையன் முதலில் கடை கூட்டுவான், ஜாடி கழுவுவான், உரலில் இடிப்பான். அப்புறம் நிறுக்கப் பழகுவான், லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்வான், கடைசியாகத்தான் நோயாளி பக்கத்தில் நிற்க விடுவார்கள். லண்டன், எடின்பரோ மருந்துத் தொகை நூல்கள்தான் கடையின் வேதம்.

வசதி இருந்தவர்கள் கப்பலேறினார்கள். பாஸ்டரும் கால்ட்டும் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்றவர்கள். கூட்டில் அறுவை சிகிச்சையைக் கால்ட் தனியாகக் கவனித்துக்கொண்டார். இப்படிப் போய் வந்தவர்கள் கொஞ்சம். மற்றவர்களின் தகுதி, ஊர் அவர்கள் மேல் வைத்த நம்பிக்கைதான்.

மருந்தெல்லாம் காட்டுல பறிச்ச மூலிகையா?

இதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கடையில் இருந்த முக்கியமான சரக்கில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. சிங்கோனாப் பட்டை பெருவிலிருந்து, பேதிக்கான ஜாலப் கிழங்கு மெக்சிகோவிலிருந்து, வாந்திக்கான இபிகாக் வேர் பிரேசிலிலிருந்து, ரேவல்சின்னி சீனாவிலிருந்து ரஷ்யா வழியாக, அபினி துருக்கியிலிருந்து, நிலாவரை எகிப்திலிருந்து. லவங்கப்பட்டை அப்போது டச்சுக்காரர் பிடியில் இருந்த இலங்கையிலிருந்து. இவற்றில் பெரும்பாலானவை லண்டன் மொத்த வியாபாரி கை வழியாகத்தான் காலனிக்கு வந்து சேரும். மெக்சிகோ பக்கத்தில்தானே என்று கேட்காதீர்கள். வணிகச் சட்டம் அப்படி. ஆர்டர் கடிதம் போய்ச் சரக்கு வந்து இறங்க மாதக்கணக்கில் ஆகும், வரும் வழியில் ஜாடி உடையும், பட்டை பூஞ்சணம் பிடிக்கும்.

உள்ளூர்ச் சரக்கும் இருந்தது. வர்ஜீனியப் பாம்புவேர், குடற்புழுவுக்கான பிங்க் வேர் போன்றவற்றைப் பூர்வகுடிகளிடமிருந்து தெரிந்துகொண்டார்கள். சாசஃப்ராஸ் மரத்தின் வேரை 1600களின் தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியே செய்தார்கள். ஆனாலும் கொல்லையில் முளைப்பதற்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வராது. கப்பலில் வந்ததற்குத்தான் மதிப்பு.

மாத்திரை எப்படிச் செஞ்சாங்க? மிஷின் உண்டா?

கைதான் மிஷின். கடையில் நடத்திக் காட்டுகிறவர்களை இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், பார்க்க வேண்டியது. பொடியை இடித்துச் சலித்து, தேனோ பாகோ கோந்து நீரோ விட்டுப் பிசைகிறார்கள். சப்பாத்தி மாவை விடக் கெட்டியான பதம்; விரலில் ஒட்டினால் இன்னும் பொடி வேண்டும், விரிசல் விட்டால் இன்னும் பாகு வேண்டும். அதைப் பளபளப்பான பீங்கான் தட்டின் மேல் வைத்து மெல்லிய திரியாக உருட்டுகிறார்கள். திரியைச் சம துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கு நடுவே உருண்டையாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அதிமதுரப் பொடியில் புரட்டிவிடுகிறார்கள். பணக்கார நோயாளிக்கு வெள்ளித் தாளோ தங்கத் தாளோ சுற்றித் தருவதும் உண்டு. மருந்து அதேதான், பில்தான் வேறு.

மாத்திரை தவிர சூரணம், கஷாயம், பாகு, தைலம், களிம்பு, லேகியம் எல்லாம் உண்டு. எடைக்குத் தனி வாய்ப்பாடு: 20 கிரெய்ன் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். அபினியில் இரண்டு கிரெய்ன் கை தவறினால் விஷயம் விபரீதமாகும் என்பதால், எடுபிடிப் பையன்கள் இந்த வாய்ப்பாட்டைத் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.

சரி, அதுல எதுவாவது வேலை செஞ்சுதா?

சில நிச்சயமாக. சிங்கோனாப் பட்டை மலேரியாக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தியது. அதிலிருந்த குயினைன் 1820ல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை பட்டைப் பொடியையே ஒயினில் கலக்கி, அந்தக் கசப்போடு விழுங்கினார்கள். அபினி வலியைக் குறைத்தது, பேதியை நிறுத்தியது. நெஞ்செரிச்சலுக்குச் சாக்குப் பொடி, தோல் அரிப்புக்குக் காலமைன் கொடுத்தார்கள். இரண்டும் இன்றும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. இபிகாக்கையும் அபினியையும் கலந்த டோவர் பொடி வியர்க்க வைப்பதற்கு. அதை 1732ல் வெளியிட்ட தாமஸ் டோவர், தனித்தீவில் நாலு வருடம் கிடந்த அலெக்சாண்டர் செல்கர்க்கை 1709ல் மீட்ட கப்பல் பயணத்தில் தலைவர்களில் ஒருவராகப் போனவர். மருத்துவர்கள் என்னென்ன வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

கெடுத்ததும் உண்டு. கேலமல் என்ற பாதரச உப்பைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஈறு வீங்கி, எச்சில் ஊற்றாக வழிந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். அது பாதரச நஞ்சின் அறிகுறி என்பது நமக்குத் தெரியும். ஆன்டிமனி, ஈய உப்பு எல்லாமும் அலமாரியில் இருந்தன.

ரத்தத்தை ஏன் எடுத்தாங்க?

வாதம், பித்தம், கபம் என்று நம் பக்கம் சொல்வதுபோல், ஐரோப்பாவில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு. ஒன்று மிஞ்சினால் நோய். மிஞ்சியதை வெளியேற்றினால் குணம். 1700களில் இந்தக் கொள்கை படித்தவர்களிடையே தளர்ந்துவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. வாந்தி, பேதி, வியர்வை, கொப்புளம், ரத்தம் எடுத்தல் ஐந்துக்கும் அதுதான் காரணம். ரத்தம் ஒரு தடவைக்கு 10, 12 அவுன்ஸ் எடுப்பார்கள். ஏறக்குறைய இன்று ரத்த தானத்தில் கொடுக்கும் அளவு. தானம் கொடுப்பவர் நல்ல உடம்போடு போகிறார், இவர்கள் காய்ச்சலில் கிடந்தவர்கள். அதுவும் மறுநாள் திரும்ப எடுப்பார்கள்.

ஃபீஸ் எவ்வளவு?

வர்ஜீனியா சட்டமன்றம் 1736ல் ஒரு கட்டணச் சட்டமே போட்டது. எடுபிடியாக இருந்து கற்ற அறுவை வைத்தியர், அப்போதிக்கரி ஊருக்குள் அல்லது ஐந்து மைலுக்குள் வந்து பார்த்தால் 5 ஷில்லிங். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவருக்கு அதுவே 10 ஷில்லிங். சாதாரண எலும்பு முறிவுக்கு 2 பவுண்டு, தோலைக் கிழித்துக்கொண்டு வந்த முறிவுக்கு 4 பவுண்டு.

சட்டம் எதற்கு வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பில்லைப் பெரிதாக்குவதற்காகத் தேவைக்கு மேல் மருந்தைத் தலையில் கட்டுகிறார்கள், அதில் என்ன கலந்தது என்றும் சொல்வதில்லை என்பது முகவுரையிலேயே வரும் புகார். அதனால் ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் பில்லில் எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு வருடத்துக்குப் போட்ட சட்டம். கெடு முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. யார் அழுத்தம் கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

அப்போ நல்ல வருமானம்தானே?

கணக்கு நோட்டில் நல்ல வருமானம். கையில் வருவது வேறு. காலனிகளில் நாணயத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. வர்ஜீனியாவில் புகையிலையே பணம்போல் புழங்கியது. அரசு ஆதரவு பெற்ற சபைப் பாதிரியாரின் ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு எடைப் புகையிலை என்று சட்டத்திலேயே இருந்தது. விவசாயிக்குப் பணம் வருவது பயிர் விற்ற பிறகு. ஆகவே மருந்து முழுக்கக் கடன்தான். பெயர், தேதி, மருந்து, தொகை என்று நோட்டில் ஏறும், வருடம் திரும்பும், அடுத்த வருடமும் ஏறும். ஏப்ரல், அக்டோபரில் வில்லியம்ஸ்பர்க்கில் உயர் நீதிமன்றம் கூடும்போது ஊரே நிறையும். கடன்காரனைக் கண்ணில் பார்க்கவும் கேட்கவும் அதுதான் நேரம். பன்றி இறைச்சி, சோளம், விறகு, உடல் உழைப்பு என்று கொடுத்துக் கழிப்பவர்களும் உண்டு.

இந்தப் பக்கம் லண்டன் வியாபாரிக்கு இவர் கடன். சரக்குக்கு அங்கே தவணை நெருங்கும், இங்கே வசூல் ஆகியிருக்காது. இந்த இழுபறியில் ஆலோசனைக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் ஊர் முகம் சுளிக்கும். கையில் ஒரு குப்பி கொடுத்தால்தான் காசு கேட்க வாய் வரும். முந்தின பதிலில் பார்த்த மருந்துக் குவியல் பில்லுக்குப் பேராசை மட்டும் காரணமில்லை. பார்த்த நேரத்துக்கான கூலியையும் மருந்தின் விலைக்குள் ஒளித்து வைத்தார்கள். வியாபாரி என்பதால்தான் அவரால் வைத்தியராக நீடிக்க முடிந்தது என்பது என் கருத்து. பல் பிரஷும் சாக்லேட்டும் விற்றது அந்த வகையில் விளையாட்டில்லை.

பாட்டில் மருந்து, ரெடிமேட் மருந்து எல்லாம் அப்பவே இருந்துச்சா?

அமோகமாக. டாஃபி எலிக்ஸிர், ஸ்டௌட்டன் எலிக்ஸிர், பேட்மன் துளிகள், காட்ஃப்ரே கார்டியல், டர்லிங்டன் பால்சம் என்று எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. டாஃபி எலிக்ஸிரை 1708லேயே பாஸ்டனில் ஒரு புத்தகக் கடைக்காரர் அரை பைன்ட் பாட்டில் 4 ஷில்லிங் 6 பென்ஸ் என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். மளிகைக்காரர், தையல்காரர், அச்சக்காரர் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்பதால் அப்போதிக்கரிக்கு இது எரிச்சல்; ஆனால் அவரும் விற்றார். அழும் குழந்தையைத் தூங்க வைக்கப் புகழ்பெற்ற காட்ஃப்ரே கார்டியலின் ரகசியம் அபினி. எத்தனை குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லையோ.

போலியும் கூடவே வந்தது. காலி பாட்டிலை வாங்கி, உள்ளூரில் கலக்கியதை ஊற்றி விற்பார்கள். டர்லிங்டன் அதனால்தான் 1754ல் தனி வடிவத்தில் பாட்டில் செய்தார். பிறகு பாட்டில் வடிவத்தையும் காப்பியடித்தார்கள்.

பெண்கள் இந்தத் தொழில்ல இருந்தாங்களா?

இருந்தார்கள். பாஸ்டனில் எலிசபெத் கிரீன்லீஃப் 1727ல் சொந்தமாக மருந்துக்கடை திறந்தார். அமெரிக்காவின் முதல் பெண் மருந்தாளர் என்று அவரைத்தான் சொல்வார்கள். கணவர் பாதிரியார், வைத்தியமும் பார்த்தவர். கடைப் பலகையில் பெயர் இல்லாமல் பின்கட்டில் இடித்து, வடித்து, கணக்கெழுதிய மனைவிகளும் மகள்களும் இன்னும் அதிகம்.

அடிமைகளா இருந்த கறுப்பின மக்களுக்கும் இவர்தான் வைத்தியமா?

பணம் கட்டுவது எஜமானர் என்பதால் பில் அவர் பெயரில். அடிமைகளிடையே சொந்தமாக மூலிகை வைத்தியர்களும் இருந்தார்கள், வெள்ளையர்களுக்கு அவர்கள் மேல் பயமும் இருந்தது. எஜமானர் அனுமதி இல்லாமல் அடிமை ஒருவர் மருந்து தயாரித்தாலோ கொடுத்தாலோ மரண தண்டனை என்று வர்ஜீனியா 1748ல் சட்டம் போட்டது. தெற்கு கரோலினாவிலோ, 1750ல் சீசர் என்ற அடிமை விஷமுறிவு மருந்தின் செய்முறையைச் சொன்னதற்காகச் சட்டமன்றம் அவரை விடுவித்து, ஆண்டுக்கு 100 பவுண்டும் கொடுத்து, செய்முறையைச் செய்தித்தாளில் அச்சிட்டது. ஓரிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே அறிவுக்கு ஒரு காலனியில் தூக்கு, இன்னொன்றில் உதவித்தொகை.

அம்மை குத்துவதிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் தனக்குச் செய்யப்பட்டதாக ஒனேசிமஸ் என்ற அடிமை சொன்னதைக் கேட்டுப் பாதிரியார் காட்டன் மாதர் பரிந்துரைத்தார். பாஸ்டனில் 1721 பெரியம்மையின்போது அதைத் துணிந்து செய்தவர், மருந்துக்கடையும் நடத்திய சாப்டியல் பாய்ல்ஸ்டன். முதலில் தன் மகனுக்கும் தன் வீட்டு அடிமைகள் இருவருக்கும் போட்டார். மொத்தம் 248 பேரில் 6 பேர் இறந்தார்கள்; இயல்பாக அம்மை கண்டவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் இறந்தார். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், பாதிரியார் காட்டன் மாதரின் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள்.

டாக்டர் சீட்டு எழுதறது, கடைக்காரர் மருந்து கொடுக்கறதுன்னு எப்போ பிரிஞ்சுது?

பிரிக்க வேண்டும் என்று உரக்கச் சொன்னவர் பிலடெல்பியாவின் ஜான் மோர்கன். 1752ல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய பென்சில்வேனியா மருத்துவமனையில் இளம் வயதில் அப்போதிக்கரியாக வேலை பார்த்தவர், பிறகு எடின்பரோவில் பட்டம் பெற்றவர். 1765ல் காலனிகளின் முதல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோதே, மருத்துவர் சீட்டு மட்டும் எழுதட்டும், மருந்து வேறொருவர் செய்யட்டும் என்றார். கூடவே ஓர் அப்போதிக்கரியையும் அழைத்து வந்தார்.

எடுபடவில்லை. காரணம் மேலே வருமானக் கேள்வியில் இருக்கிறது: மருந்தை விட்டுவிட்டால் மருத்துவர் சாப்பிடுவது எதை? பெரும்பாலான ஊர்களில் இந்தப் பிரிவு உண்மையில் வந்தது 1800களில்தான்.

புரட்சி வந்ததும் லண்டன் சரக்கு நின்னிருக்குமே?

பிரிட்டிஷ் பொருள் எதையும் வாங்கமாட்டோம் என்று வர்ஜீனியாக்காரர்கள் ஆகஸ்ட் 1774ல் உறுதி எடுத்தபோது, 'மருந்து தவிர' என்று இரண்டு சொல் சேர்த்துக்கொண்டார்கள். தேயிலையைக் கடலில் கொட்டலாம், சிங்கோனாப் பட்டையைக் கொட்ட முடியாது. போர் தொடங்கியதும் தட்டுப்பாடு வந்தே விட்டது. பிலடெல்பியாவில் 1729லிருந்து நடந்த கிறிஸ்டபர் மார்ஷல் குடும்பக் கடை புரட்சிப் படைக்கு மருந்து கொடுத்தது. 1778ல் பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் ஊர் ராணுவ மருத்துவமனைக்காக வில்லியம் பிரவுன் 32 பக்கத்தில், லத்தீனில் ஒரு மருந்துத் தொகை வெளியிட்டார். கொடிய பகைவரால் வந்த இந்தப் பஞ்சத்துக்கு ஏற்ற எளிய மருந்துகள் என்று தலைப்பிலேயே இருக்கும். அமெரிக்காவில் அச்சான முதல் மருந்துத் தொகை நூல் அதுதான்.

ஆட்களையும் போர் இழுத்துக்கொண்டது. ஃபிரெட்ரிக்ஸ்பர்க் அப்போதிக்கரி ஹியூ மெர்சர் தளபதியாகி, 1777 ஜனவரியில் பிரின்ஸ்டன் போரில் பட்ட காயத்தால் இறந்தார். நியூ ஹேவனில் மருந்தும் புத்தகமும் சேர்த்து விற்றுக்கொண்டிருந்த இன்னொருவரும் தளபதியானார், பிறகு பிரிட்டிஷ் பக்கம் தாவினார்: பெனடிக்ட் ஆர்னல்ட். நம் பாஸ்டருக்கும் பங்கு உண்டு. 1775 ஏப்ரலில் ஊரில் இருந்த காலனியின் வெடிமருந்தைப் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் இரவோடு இரவாக எடுத்துக்கொண்ட மறுநாள், ஒரு நோயாளியைப் பார்க்க இவர் ஆளுநர் மாளிகைக்குப் போனார். அடிமைகளை விடுவித்து ஊரைச் சாம்பலாக்குவேன் என்று ஆளுநர் இவரிடமே கத்தினார். பின்னால் சட்டமன்ற விசாரணையில் அதைச் சாட்சியமாகச் சொன்னார். அப்போதிக்கரிக்குத் திறக்காத கதவு ஊரில் இல்லை.

நேர்ல பார்க்க எங்கே போகலாம்?

வில்லியம்ஸ்பர்க் முதலில். ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கில் மெர்சர் பெயரில் ஒரு மருந்துக்கடை அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போனால் கால் வெட்டும் ரம்பத்தைப் பற்றிய விளக்கத்துக்குத் தயாராகப் போங்கள்.

வாஷிங்டன் டி.சி. பக்கம் இருந்தால் அலெக்சாண்டிரியாவில் ஸ்டேப்ளர் – லெட்பீட்டர் கடை. 1792ல் தொடங்கி 1933ல் மூடியது. காலனிக் காலத்துக்குப் பிந்தியதுதான், ஆனால் ஜாடிகளும் இழுப்பறைகளும் கணக்குகளும் மூடிய நாளில் இருந்தபடியே கிடைத்த அபூர்வம். 1802ல் மார்த்தா வாஷிங்டனுக்காக அந்தக் கடைக்கு வந்த சீட்டு ஒன்று உண்டு: நல்ல விளக்கெண்ணெய் ஒரு குவார்ட் பாட்டில் கொடுத்தனுப்பவும், பில்லையும் சேர்த்து.